பெயர்ப்பலகை வைக்காத தொழில்

"உங்கட மனிசி ஏதோ பிஸ்னஸ் தொடங்கியிருக்கிறாவாம்?"

ரூட்டிங்கில் மீன் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒருவர் இப்படிக் கேட்டார். தையலா, கேற்றரிங்கா, ரியூசனா என்று அவரே அடுக்கிக்கொண்டு போனார். நான் "உளவளத்துணை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "கவுன்சிலிங், அண்ணை" என்றேன். "ஓ, கவுன்சிலிலையோ வேலை? அப்ப எங்களுக்கும் ஒரு வீடு எடுத்துத் தரச் சொல்லுங்கோவன்" என்றார். மீன் வெட்டுகிறவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஏனென்றால் முதன்முதலில் என் மாமியும் அப்படித்தான் விளங்கிக்கொண்டவர்.

அந்த அண்ணைக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் மிச்சத்தில் குடியிருப்பவன் (மாத முடிவில் மிச்சம் என்று ஒன்றும் இருப்பதில்லை, அது வேறு கதை). தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பகுதியில் இரவு வேலை. ஏ.எல். வகுப்பில் இருக்கும்போது இடம்பெயர்ந்ததோடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஆகவே உளவியலைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதைப் படித்தவர் என் மனைவி. நான் அவருடைய கணக்குப் பிள்ளை. இந்தத் தொழிலை எப்படித் தொடங்கினோம், எவ்வளவு செலவானது, எங்கே பிழை விட்டோம் என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

எல்லாம் என் நண்பர் ஒருவரில் தொடங்கியது. வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்று பெட்டி மடிப்பவர். 2009க்குப் பிறகு வந்தவர். நித்திரை கொள்ளமாட்டார். மேலேயிருந்து ஒரு பலகை விழுந்தாலும் குந்திக்கொண்டு தலையைப் பொத்துவார். பிறகு எழும்பி, ஒன்றும் நடக்காத மாதிரிப் பெட்டி மடிப்பார். குடும்ப டொக்டர் அவரை ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒழுங்கு செய்து தந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனால், இருந்த மொழிபெயர்ப்பாளர் இவருடைய மனைவியின் ஊர்க்காரர். கோயிலில் அடிக்கடி காணும் முகம். சிகிச்சை செய்பவர் கேட்கக் கேட்க, இவர் "ஒண்டுமில்லை, நித்திரைதான் கொஞ்சம் குறைவு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து தடவை போனார். ஐந்து தடவையும் அதே பதில். பிறகு அவர்கள் ஃபைலை மூடிவிட்டார்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளரில் ஒரு பிழையும் இல்லை. அவர் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டார். சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒன்றே போதுமாயிருந்தது.

இதை நான் வீட்டில் சொன்னபோது மனைவி, "தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளாய் இருந்திருக்க வேணும்" என்றார். "தமிழ் தெரிஞ்ச ஆள் இருந்ததுதானே பிரச்சினை" என்றேன் நான். அன்று இரவு நான் வேலைக்கு வெளிக்கிடும் மட்டும் இதைத்தான் வாதாடினோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். எங்கள் சனத்துக்குத் தேவை தமிழ் தெரிந்த ஒரு அந்நியர். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அந்நியருக்கும் குறைவில்லை. இரண்டும் ஒரே ஆளாய் இருப்பதுதான் கிடைப்பதில்லை.

மனைவி அப்போது ஒரு ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளர். உளவளத்துணை என்பது இப்போதைய ஒரு கஷ்டத்தைச் சில மாதங்கள் கதைத்துத் தெளிவது என்றும், உளச்சிகிச்சை என்பது வேர் வரை தோண்டும் நீண்ட வேலை என்றும் பொதுவாகச் சொல்வார்கள். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவில் வேலி இல்லை. மனைவி முதலாவதில் தொடங்கினார். லெவல் 2, ஒரு மாலை வகுப்பு. பிறகு லெவல் 3. பிறகு லெவல் 4 டிப்ளோமா, அது இரண்டு வருடம். டிப்ளோமாவுக்குள் ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம் உண்மையான ஆட்களோடு இருந்து செய்யவேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தில் செய்தார், சம்பளம் இல்லை. அதோடு தானே இன்னொருவரிடம் போய்ச் சிகிச்சைக்கு இருக்கவேண்டும் என்பதும் அவருடைய வகுப்பின் விதி. அதற்கும் நாங்கள்தான் காசு கட்டினோம். உளச்சிகிச்சையாளர் என்று பதிவதென்றால் பெரும்பாலும் முதுகலை மட்டத்தில் நான்கு வருடம் போகும். லெவல் 3க்கும் 4க்கும் சில கல்லூரிகளில் அரசாங்கத்தின் வளர்ந்தோர் கற்கைக் கடன் எடுக்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கும் அது உண்டு. உழைப்பு ஒரு எல்லையைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கட்டவேண்டும். எங்களுக்கு இது பிந்தித்தான் தெரிந்தது. லெவல் 3க்குச் சீட்டுக்காசில் கட்டினோம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாக வாசியுங்கள். இந்த நாட்டில் உளவளத்துணையாளர், உளச்சிகிச்சையாளர் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கே நானும் ஒரு கார்ட் அடித்து "உளச்சிகிச்சையாளர்" என்று போடலாம், பொலிஸ் வராது. மனநல வைத்தியர் என்றால் அவர் டொக்டர், அதற்கு மருத்துவச் சபைப் பதிவு வேண்டும். கிளினிக்கல் சைக்கோலொஜிஸ்ட் போன்ற சில பெயர்கள் 2009 முதல் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மற்றவை வரவில்லை. ஆகையால் ஒருவரிடம் போக முதல் அவர் பி.ஏ.சீ.பி. அல்லது யூ.கே.சீ.பி. போன்ற சங்கமொன்றின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். இந்தப் பதிவேடுகளுக்கு மேலே தொழில்சார் தரநிலை அதிகாரசபை என்று ஒன்று இருந்து சரிபார்க்கிறது. பதிவில் இருப்பவர் பிழை விட்டால் முறையிட இடம் உண்டு. ஒரு வார இறுதிச் சான்றிதழோடு மனக்கவலை தீர்க்கிறோம் என்று விளம்பரம் செய்பவர் பிழை விட்டால் யாரிடம் போவீர்கள்?

டிப்ளோமா வகுப்பில் ஒரு நாள் எல்லோரையும் ஹம்ப்ஸ்டட்டுக்குக் கூட்டிப்போனார்கள். குடும்பத்தவரும் வரலாம் என்றபடியால் நானும் போனேன், இரவு வேலை முடிந்த கண்ணோடு. மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் என்ற வீதியில் 20ஆம் இலக்க வீடு. சிக்மண்ட் பிராய்ட் கடைசியாக இருந்த வீடு, 1986 முதல் அரும்பொருளகம். நான் பிராய்ட் என்றால் ஏதோ பெரிய வெள்ளைக்கார புரொபெசர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு அகதி! 1938 ஜூன் மாதம், 82 வயதில், நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்தவர். நாட்டைவிட்டுப் போவதற்கே அங்கே ஒரு வரி கட்டவேண்டியிருந்தது. மரீ போனபார்ட் என்ற இளவரசி உதவினார். விட்டுவந்த நான்கு சகோதரிகளும், அவர் இறந்த பிறகு, நாஜிகளின் கைகளில் மாண்டுபோனார்கள். இவ்வளவோடும், வாயில் புற்றுநோயோடும், அவர் லண்டனில் ஒரு நாளைக்கு நான்கு பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1939 ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் தொழிலை நிறுத்தினார். செப்டெம்பரில் இறந்தார். நாங்கள் ஒரு பையோடு வந்தோம். அவருடைய சாமான்கள் பின்னால் வந்து சேர்ந்தன. ஆட்கள் படுத்துக்கொண்டு கதைக்கும் அந்தக் கட்டில் போன்ற சோபாவும், அதன்மேல் விரித்த கம்பளமும் அப்படியே இருக்கின்றன. அதில் இருக்கக்கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்போது வந்த நித்திரைக்கு அந்தக் கயிறு நல்லதுதான்.

அவர் கடை திறந்த கதையைப் பிறகு மனைவி வாசித்துச் சொன்னார். 1886 ஏப்ரல் 25, உயிர்த்த ஞாயிறு அன்று வியன்னாவில் தொடங்கினார். ஊர் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் நாள்! எங்கள் ஆட்கள் என்றால் பஞ்சாங்கம் பார்த்திருப்பார்கள். கையில் காசில்லை, கலியாணம் கட்டவேண்டும், அவசரம். கைகொடுத்தவர் பிரோயர் என்ற மூத்த டொக்டர். கடனும் கொடுத்தார், தன்னிடம் வந்தவர்களையும் அனுப்பினார். ஆக, இந்தத் தொழிலில் முதலாவது வாடிக்கையாளர் வீதியால் நடந்து வந்தவர் இல்லை, இன்னொரு தொழில்காரர் அனுப்பியவர். 140 வருடமாக அதில் மாற்றமில்லை.

காசு விசயத்திலும் பிராய்ட் எங்களைப் போல் வெட்கப்படவில்லை. 1913இல் எழுதிய ஒரு கட்டுரையில் தன் முறையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு ஒரு மணித்தியாலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால், அவர் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் காசு. சங்கீதம், பாஷை படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் இதை எல்லோரும் ஏற்கிறார்கள், வைத்தியரிடம் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்கிறார். கடன் பெருக விடாமல் ஒழுங்காக வாங்கிவிடவேண்டும் என்கிறார். அதே கட்டுரையில், பத்து வருடமளவு தினமும் ஒரு மணித்தியாலத்தை, சிலவேளை இரண்டை, இலவசமாகக் கொடுத்துப் பார்த்ததாகவும் அதனால் நினைத்த நன்மை வரவில்லை என்றும் எழுதுகிறார். ஆனால் 1918இல், ஏழைகளுக்கு இலவச நிலையங்கள் வரவேண்டும் என்று அவரே பேசினார். 1920இல் பெர்லினில் அப்படி ஒன்று வந்தது.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு கதை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஒஸ்திரியக் காசு கடதாசியாகிப் போனது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் மணிக்கு 10 டொலர் கொடுத்தார்கள்; வீடு அதில்தான் ஓடியது. (இங்கிருந்து போகும் பவுணில் ஊரில் அடுப்பு எரிகிற மாதிரி.) 1921இல் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு ஆறு மணித்தியாலம். அவரிடம் இருந்ததோ 30 மணித்தியாலம். ஒருவரை வேறு ஆளிடம் போகச் சொன்னார். அடுத்த நாள் வந்து, தன் மகள் அன்னா கணக்குப் பார்த்தாள், ஐந்து பேருக்கு ஆறும் முப்பது, ஆறு பேருக்கு ஐந்தும் முப்பது, ஆளுக்கு ஒரு மணித்தியாலத்தை விட்டுக்கொடுங்கள் என்றாராம். அந்த ஆறு பேரில் ஒருவரான கார்டினர் என்ற அமெரிக்கர் இதை எழுதிவைத்திருக்கிறார். வீட்டில் கணக்குப் பார்ப்பவரின் அருமை அப்போதே தெரிந்திருக்கிறது என்று நான் மனைவிக்குச் சொன்னேன்.

இனி எங்கள் கணக்கு.

முதல் வருடம் வியாழக்கிழமை பின்னேரங்களில் மட்டும். பள்ளி வேலையை விடவில்லை, விடவும் கூடாது. நான்கு பேர். ஒரு அமர்வு 50 நிமிடம். இரண்டு பேர் முழுக் கட்டணம், ஆளுக்கு 60 பவுண். ஒருவர் 35. ஒருவர் இலவசம். கிழமைக்கு 155. பிள்ளைகளின் விடுமுறை, தடிமன், காய்ச்சல் எல்லாம் போக வருடத்தில் 42 கிழமைதான் வேலை நடந்தது. மொத்த வரவு 6,510 பவுண். இதைக் கேட்டு என் மைத்துனர் "பரவாயில்லையே" என்றார். செலவைக் கேட்காமல் போய்விட்டார்.

அறை மணித்தியாலத்துக்கு 14. நான்கு மணித்தியாலம், 42 கிழமை, 2,352. இலவச ஆளுக்கும் அறை வாடகை உண்டு, மறக்கவேண்டாம். அடுத்தது மேற்பார்வை. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மூத்த ஒருவரிடம் போய், பெயர் சொல்லாமல், நான் செய்வது சரியா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். மாதம் ஒன்றரை மணித்தியாலம். அவருக்கு 90 பவுண், வருடம் 1,080. காப்புறுதி 80. சங்க அங்கத்துவம் 200. ஆட்களின் விபரங்களைக் கம்பியூட்டரில் வைத்திருப்பதால் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு 52 (டைரக்ட் டெபிட் என்றால் 5 பவுண் குறைவு). உளவளத்துணையாளர்களைத் தேடும் இணைய விபரக்கொத்தில் பெயர் இருக்க மாதம் 20, ஆக 240. தனி ரெலிபோன் 120. கூட்டிப் பாருங்கள், 4,124. மிஞ்சியது 2,386. மாதத்துக்கு 200 பவுண் கூட இல்லை. என் தொழிற்சாலையில் கிழமைக்கு ஒரு ஓவர்ரைம் செய்தால் அதைவிடக் கூடவரும்.

அப்படியென்றால் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்கலாம். இரண்டாம் வருடம் காப்புறுதியும் சங்கமும் ரெலிபோனும் அதே தொகைதான். ஆட்கள் மட்டும் கூடினால் மிச்சம் கூடும். இது எல்லாச் சிறு தொழிலுக்கும் உள்ள கணக்கு. ஆனால் ஆட்கள் கூடுவது எப்படி? இங்கேதான் இந்தத் தொழில் மற்றத் தொழில்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது.

எங்கள் கடைகள் வளர்வது வாயால். "அங்கை நல்ல ஆட்டிறைச்சி" என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் போவார்கள். இங்கே சுகப்பட்டுப் போனவர் ஒருவருக்கும் சொல்லமாட்டார். சந்தைக்குள் மனைவியைக் கண்டால் தெரியாதவர் மாதிரிப் போவார். மனைவியும் அவர் முதலில் தலையாட்டினால் ஒழிய ஆட்டமாட்டார். அதை முதலாம் நாளே பேசிவைத்துக்கொள்வார். எங்கள் சனத்துக்கு இதுவே ஒரு பெரிய மரியாதைக் குறைவு. "கண்டும் காணாத மாதிரிப் போறா, பெரிய எடுப்பு" என்று ஒருவர் வேறு யாரையோ பற்றிச் சொன்னதுபோல என்னிடம் சொன்னார்.

இடம் எடுத்ததிலும் முதலில் பிழை விட்டோம். அப்பர் ரூட்டிங் றோட்டில் ஒரு கடைக்கு மேலே மலிவாக ஒரு அறை கிடைத்தது. தமிழ் ஆட்கள் நிறைய நடமாடும் இடம், கடைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆறு கிழமையில் ஒருவர் வந்தார். அவரும் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், பிறகு ரெலிபோனில்தான் சொன்னார். இப்போது மிச்சத்திலிருந்து ட்ராமில் போகும் தூரத்தில், பல அலுவலகங்கள் உள்ள ஒரு பெரிய கட்டிடத்தில் எடுத்திருக்கிறோம். கீழே ஒரு பல் வைத்தியர். யாரும் கண்டால் பல்லுக்கு வந்தோம் என்று சொல்லலாம். வாடகை கூட, ஆனால் ஆட்கள் வருகிறார்கள். பெயர்ப்பலகை இல்லை.

இன்னொரு விதி எனக்கு முதலில் கோபத்தை உண்டாக்கியது. எங்களுக்குச் சொந்தம், எங்கள் கோயில், மனைவியின் பள்ளிக்கூடத்துப் பெற்றார், என் வேலைத்தலம், இவர்களில் எவரையும் அவர் எடுக்கக்கூடாது. ரெலிபோனில் முதலில் கேட்பதே அதுதான். மிச்சம், ரூட்டிங் பக்கத்துத் தமிழரில் இப்படிக் கழித்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடை எங்கேயாவது உண்டா? ஆனால் அப்படித் திருப்பியவர்களை அவர் வடக்கு லண்டனில் உள்ள இன்னொரு தமிழ் உளவளத்துணையாளருக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் அங்கேயிருந்து இங்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவருக்கும் அதே பிரச்சினைதானே. அவருடைய ஊர்க்காரர் எங்களுக்கு அந்நியர், எங்களுடைய ஆட்கள் அவருக்கு அந்நியர். பிரோயர் அனுப்பிய கதைதான்.

மற்றபடி ஆட்கள் வந்தது குடும்ப டொக்டர்களின் வரவேற்பு மேசையில் வைத்த ஒரு சின்னத் துண்டுப் பிரசுரத்தால், ஒரு பள்ளிக்கூட நலன்புரி ஆசிரியரால், விபரக்கொத்தில் "தமிழ்" என்று மொழியைத் தேடிய பிள்ளைகளால். இது முக்கியம். பெரும்பாலும் தேடுவது இங்கே வளர்ந்த மகள் அல்லது மகன், வருவது தாய். தாய்மார் மனம் சரியில்லை என்று சொல்லி வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலைக்குள்ளை எரியுது", "கை கால் விறைக்குது" என்றுதான் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்று 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். போர் எங்கள் சனத்தின் மனதை என்ன செய்தது என்பதைப் பற்றியது. "நெஞ்சு அடைக்குது" என்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் ஈ.சீ.ஜி. எடுக்க அனுப்புவார்கள். அதுவும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்து ஒன்றுமில்லை என்று வந்த பிறகு மிச்சக் கதையைக் கேட்க ஆள் வேண்டும்.

விசாக் கடிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஹோம் ஒபிசுக்கு ஒரு கடிதம் மட்டும் தாங்கோ, எவ்வளவு எண்டாலும் தாறன்" என்று கேட்டவர்கள் பலர். காசு கொட்டும் வழி அதுதான், நான் மறைக்கவில்லை. மனைவி ஒன்றும் கொடுக்கவில்லை. சித்திரவதைக்கான மருத்துவச் சான்று என்பது 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை என்ற வழிகாட்டலின்படி அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் எழுதுவது. உளவளத்துணையாளரின் கடிதத்தை அதற்குப் பதிலாக வைத்தால் வழக்குக்கே கேடு வரலாம். உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ பெரிய ஆபத்து, பிள்ளைகளுக்குத் தீங்கு, நீதிமன்றக் கட்டளை, பயங்கரவாதச் சட்டம் போன்ற சில சட்டங்கள் சொல்லும் கடமை, இவற்றில் வாய் திறக்கவேண்டி வரும். இதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். அதை வாசித்துவிட்டு எழும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். பிறகு ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பதைவிட அது நல்லது.

இப்போது என் பிழை. கணக்கு நான் பார்ப்பது என்றபடியால் காசெல்லாம் எங்கள் கூட்டு வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. மனைவி ஆட்களுக்கு இலக்கம் கொடுத்திருந்தார். என் கொப்பியில் 1, 2, 3, 4 மட்டும்தான். ஒரு நாள் வங்கிக் கூற்றைத் திறந்தேன். 35 பவுணுக்கு நேரே ஒரு பெயர். எனக்குத் தெரிந்த பெயர். உறவில்லை, கோயில் இல்லை, மனைவிக்கு ஆளைத் தெரியவே தெரியாது, என்னோடு முன்பு ஒரு வேலையில் இருந்தவர். விதிப்படி மனைவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் அதை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு முழுக்கப் பெட்டி மடித்தபடி, அவருக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்கக்கூடாது என்று தெரியும், யோசித்தேன். நானே இப்படி என்றால் மற்றவரை என்ன சொல்வது?

காலையில் மனைவிக்குச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அன்றே தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தன் பெயரில் திறந்தார். மாதம் ஒருமுறை மொத்தத் தொகையை மட்டும் எனக்கு எழுதித் தருகிறார். நான் பெயரைக் கண்டதை மேற்பார்வையாளரிடமும், பிறகு அந்த ஆளிடமும் சொன்னார். அந்த ஆள் தொடர்ந்து வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. கணவன் மனைவி சேர்ந்து செய்யும் தொழில் என்றால் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விடயங்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் சுயதொழிலும் செய்யக்கூடாது, வழக்குக்குப் பாதகமாகும். ஒரு வரி வருடத்தில் தொழிலின் மொத்த வரவு, செலவு கழிக்க முதல், 1,000 பவுணைத் தாண்டினால் வருமானவரித் திணைக்களத்தில் சுயதொழிலாகப் பதியவேண்டும். வருடம் முடிந்து வரும் ஒக்டோபர் 5க்குள் பதிவு, ஜனவரி 31க்குள் கணக்கு. யூனிவேர்சல் கிறெடிட் எடுப்பவர்கள் கவனம்: சுயதொழில்தான் பிரதான தொழில் என்று ஏற்கப்பட்டால் முதல் 12 மாதம் சலுகை உண்டு, அதற்குப் பிறகு நீங்கள் உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச வருமானம் வந்ததாகக் கணக்கிட்டு உதவிப்பணத்தைக் குறைப்பார்கள். இந்தத் தொழில் 12 மாதத்தில் அந்த அளவுக்கு வராது. அதனால்தான் மற்ற வேலையை விடக்கூடாது என்றேன். இன்னொன்று, தொழில் உயில். மனைவி திடீரென்று நோயில் விழுந்தாலோ இறந்தாலோ அவரிடம் வருபவர்களுக்கு யார் அறிவிப்பது? கணவன் அல்ல. அதற்கென்று ஒரு சக தொழில்காரரை எழுதி வைக்கவேண்டும். எங்கள் அலுமாரியில் அந்த உறை ஒட்டியபடி இருக்கிறது. வெளியில் ஒரு ரெலிபோன் இலக்கம் மட்டும்.

உதவி தேவைப்படுபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் வியாபாரத்துக்கு நட்டம்தான். காசு கொடுக்க முதல் இலவசமானதைப் பாருங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்கு டொக்டர் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். 2008இல் தொடங்கியது, 2023இல் பெயர் மாறியது. மொழிபெயர்ப்பாளர் இலவசம். தெரிந்த முகமாய் வந்தால் வேறு ஆளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு நகரத்திலிருந்து ரெலிபோனில் வைக்கச் சொல்லியும் கேட்கலாம். என் நண்பருக்கு அன்று இது தெரியாது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரம் ரோர்ச்சர் இருக்கிறது. ஹெலன் பாம்பர் என்ற பெண்மணி 1985இல் வேறு பெயரில் தொடங்கியது, 2011 முதல் இந்தப் பெயர். எங்கள் ஆட்கள் பலர் அங்கே போயிருக்கிறார்கள். கல்கத்தாவில் பிறந்த ஜாபர் கரீம் 1983இல் லண்டனில் தொடங்கிய நஃப்சியாத் நிலையம் பல மொழிகளில் சிகிச்சை தருகிறது. நடுச்சாமத்தில் தாங்கமுடியாமல் போனால் சமரிட்டன்ஸ் 116 123, எந்த ரெலிபோனிலிருந்தும் இலவசம்.

என் நண்பரை மனைவி எடுக்கமுடியாது, என் வேலைத்தலம் என்றபடியால். வடக்கு லண்டன்காரரின் இலக்கத்தைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். போனாரா என்று நான் கேட்பதில்லை. இப்போது இரவு இடைவேளையில் சிலவேளை பெட்டிகளுக்கு மேலே சாய்ந்து பத்து நிமிடம் நித்திரை கொள்கிறார்.

இந்த வருடம் மனைவி சனிக்கிழமை காலையிலும் அறை எடுத்திருக்கிறார். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போவது இனி என் பாடு.